இரண்டு மெசேஜ் டாட் ஹெச்

தக்கலையில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். குளச்சல் விசைப்படகுகளுக்காக ஓர் ஆபத்துப் பொத்தான் செய்துகொண்டிருந்தோம். அமுக்கினால் படகு நிற்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கரைக்கு வந்து சேர வேண்டும். சி மொழியில் நிரல் எழுத நானும் ஒரு பெண்ணும்தான்; செய்தியைக் கோப்பது அவள் நிரல், அதைக் கரைக்கு அனுப்புவது, வானிலைச் செய்திக்காக முன்பே நான் எழுதிய நிரல். அவள் குளச்சல்காரி. முதல் பொத்தானைப் பொருத்தியது அவளுடைய அப்பா ஓட்டும் படகில். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து அவர் கடலுக்குப் போக நான்கு நாள் இருந்தது.

துறைமுகத்தில் கட்டிக்கிடந்த படகிலிருந்து அவர் அமுக்கிப் பார்த்தார். எங்கள் திரையில் அட்சரேகை வந்தது. தீர்க்கரேகை பாதியில் அறுந்து நின்றது. அதை வைத்துக்கொண்டு கடலில் ஒருவரைத் தேட முடியாது.

“அண்ணா, எனக்க புரோகிராம் முழுசாத்தான் அனுப்புது. உங்க பக்கம் ஒருக்கா பாருங்க,” என்றாள்.

“என் புரோகிராம் ரெண்டு வருசமா ஓடுது. உன் பக்கம் பாரு,” என்றேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் வேலையில் குறை என்றால் இன்னும் சீக்கிரம் வரும். ஆண்டெனாவைக் குறை சொன்னேன், மழையைக் குறை சொன்னேன். இரண்டு நாள், நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன்.

மூன்றாம் நாள் காலையில் அவள் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எந்தெந்தக் கோப்பைத் திறக்கிறது என்று வரிவரியாகக் காட்டினாள். ஹெடர் ஃபைல் என்பது மற்றக் கோப்புகளுக்குத் தேவையான பெயர்களையும் அளவுகளையும் எழுதிவைக்கும் இடம். ஆளுக்கொன்று எழுதியிருந்தோம், வேறுவேறு ஃபோல்டரில். இரண்டுக்கும் மெசேஜ் டாட் ஹெச் என்றே பெயர். பழைய வானிலைச் செய்திக்காக எழுதிய என்னுடையதில் செய்தியின் நீளம் இருபது எழுத்து. அவளுடையதில் அறுபத்து நான்கு. தேடும் வரிசையில் என் ஃபோல்டர் முன்னால் இருந்ததால் கம்பைலர் என்னுடையதை எடுத்துக்கொண்டது; செய்தி இருபதாவது எழுத்தில் அறுந்தது. உள்ளே இருந்த பெயர்களும் ஒன்றே என்பதால் பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“எங்க மாதா கோயில்ல பூசையில கல்யாண ஓலை வாசிச்சு அறிவிக்கும்போ வீட்டுப்பேரு சொல்லாம மாப்பிள பேர மட்டும் சொன்னா அதே பேருள்ள நாலு பேரு திரும்பிப் பாப்பாவ. அந்தப் புத்தி நமக்கு இல்லாம போச்சு,” என்றாள்.

என் கோப்பின் பெயருக்கு முன்னால் வானிலை என்று சேர்த்தேன், அவளுடையதற்கு முன்னால் ஆபத்து. உள்ளே இருந்த பெயர்களுக்கும் அப்படியே. பத்து நிமிட வேலை. வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு குளச்சலுக்குப் போய், புதிய நிரலைப் படகில் ஏற்றினேன்.

அவர் பொத்தானை அமுக்கினார். உடனே அலுவலகத்திலிருந்து மகள் அழைத்தாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, நீங்க நிக்கிய இடம் முழுசா வந்தாச்சு.”

“இம்புட்டு நாளும் வராதது யாருக்க தப்பு, மக்கா?”

“எங்க ரெண்டு பேருக்க தப்புதான்.”

அவர் என்னைப் பார்த்தார். “இல்ல அண்ணே, எனக்க தப்பு,” என்றேன். ஸ்பீக்கரில் அவளுக்கும் கேட்டது.