தேவலை என்று போட்ட பெருக்கல் குறி

நான் வேலை செய்யும் இடத்தில் காலைக் கஞ்சியோடு ஒரு தாளும் நோயாளிகளின் கட்டிலுக்குப் போகும். அதில் குறுக்கே ஒரு கோடு மட்டும் இருக்கும், அரைச் சாண் நீளம். இடது முனையில் வலியே இல்லை என்றும், வலது முனையில் இதற்கு மேல் வலி இருக்க முடியாது என்றும் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். இன்றைக்குத் தன் வலி எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் நோயாளி பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். எந்த மருந்தை எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை கொடுத்தால் வலி அடங்குகிறது என்று இங்கே ஆராய்ச்சி செய்கிறார்கள். அதற்குத்தான் இந்தத் தாள். லண்டனுக்கு வந்த புதிதில், மதுரை வில்லாபுரத்தில் இருக்கும் அண்ணன் மனைவிக்கு, என் மதினிக்கு, இதைத்தான் முதலில் எழுதினேன். குளிரைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. வலியை ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள் மதினி, என்று எழுதினேன். அவர் பதிலில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இடத்துக்கு ஹாஸ்பிஸ் என்று பேர். குணமாக்க முடியாது என்று தெரிந்துபோனவர்களைக் கடைசிவரை வலி தெரியாமல் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடு. நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியின் விடுதியில் சமையல் வேலை பார்த்தேன். அங்கே இருந்த வெள்ளைக்கார சிஸ்டர் ஊர் திரும்பியபின், இங்கே சமையலறைக்கு ஆள் வேண்டும் என்று என்னை வரவழைத்தார். காய் நறுக்குவதும் டிராலி தள்ளுவதும் என் வேலை. எனக்கு எந்த மொழியிலும் பேச்சு குறைவு. இங்கே அது ஒரு குறையாகத் தெரியவில்லை. "ஹலோ", "தேங்க் யூ" இரண்டை வைத்தே நாள் ஓடிவிடும்.

முதல் நாள் அந்தத் தாளைப் பார்த்தபோது என் அண்ணன் சேவியர்தான் நினைவுக்கு வந்தார். அவர் மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் பஸ்ஸில் கண்டக்டர். சந்தை நாளில் கூடைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அவரே இடம் பிடித்துக் கொடுப்பார். சந்தைக்காரர்கள் அன்போடு கொடுத்த அவித்த மொச்சைப் பொட்டலம் சாயங்காலம் அவர் பையில் இளஞ்சூடாக இருக்கும். சில்லறையும் மொச்சையும் கலந்த அந்த வாசனை இப்போதும் டிராலி தள்ளும்போது எங்கிருந்தோ வருகிறது. இங்கே பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அண்ணனின் பஸ்ஸில், ஏறியவர் இறங்குவதற்குள் அவர் வீட்டுக் கல்யாணம் எந்த மாசம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது எழுபதுகளின் நடுவில். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நோயின் பேரை அவரிடம் சொல்லவில்லை, அல்சர் என்று சொல்லி வைத்திருந்தோம். ஊசி போட்டால் கொஞ்ச நேரம் வலி அடங்கும், பிறகு திரும்பி வரும். குணம் தெரியாத ஆளை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிடுவார்கள் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனால் அந்த ஊசியும் கிடையாது. அதனால் நான்தான் அவர் காதில் சொன்னேன்.

"அண்ணே, டாக்டர் வந்து கேட்டா தேவலன்னு சொல்லிப்புடுங்க. வலிக்குதுன்னா வீட்டுக்கு அனுப்பிருவாக."

"டிக்கெட் எடுக்காதவன் மாதிரி பதுங்கி உக்காரச் சொல்ற. சரிடா, சொல்றேன்."

அவர் சொன்னார். தினமும் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டு, "தேவல சார்" என்றார். டாக்டர் நல்ல மனிதர். சந்தோஷமாக அண்ணனின் தோளில் தட்டிவிட்டு, தேவலைதானே என்று ஊசியை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்து எழுதினார். அதற்குப் பிறகு நாங்கள் எப்படிப் பேச்சை மாற்றுவது? அண்ணன் அதன்பின் பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தார். அவர் தலைமாட்டுக் கம்பியில் கை பிடித்த இடத்தில் மட்டும் பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து இரும்பு தெரிந்தது. நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை மதினியிடம் சொல்லவே இல்லை.

போன பனிக்காலத்தில் ஹாஸ்பிஸுக்குக் கருப்பையா என்று ஒருவர் வந்தார். கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர், மகள் வீட்டில் தங்கியிருந்தவர். கஞ்சியைப் பார்த்து, "இம்புட்டுதானா தம்பி?" என்றார். டிராலியை அப்படியே நிறுத்தினேன். எந்த ஊர் என்று கேட்டேன். கொட்டாம்பட்டி என்றார். மதுரையிலிருந்து திருச்சி ரோட்டில் ஒரு மணி நேரம். பத்து வருஷம் பேசாமல் இருந்த இருவர் மாதிரி நாங்கள் பேசினோம்.

நாலைந்து நாள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். அவர் தாளில் பெருக்கல் குறி எப்போதும் இடது ஓரத்தில், வலி இல்லை என்ற எழுத்துக்கு அருகிலேயே இருந்தது. ஆனால் தட்டை எடுக்கப் போகும்போது, நான் வைத்த பேப்பர் நாப்கின் போர்வைக்கு அடியில் தூள் தூளாகக் கிடந்தது. ஒரு நாள் இல்லை, தினமும்.

"என்னண்ணே, பேப்பரை இப்படிக் கிழிச்சு வச்சிருக்கீக? வலிக்குதா?"

"சத்தம் போடாதப்பா. அந்த டாக்டர்ப் புள்ள இம்புட்டு மரியாதையா வந்து கேக்குது. வலி கொறையலன்னா அது மருந்தைக் குத்தம் சொன்னாப்புல ஆகாதா? பெறகு பெட்டியைக் கட்டுன்னுருவாக. மக வேலைக்குப் போற புள்ள, என்னைய வச்சுக்கிட்டு என்ன செய்யும்?"

அன்று பகல் முழுவதும் உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டு அதையே நினைத்தேன். சமையல்காரன் டாக்டரிடம் பேசுவதா என்று இருந்தது. பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று மணிக்கு அந்த இளம் டாக்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "டாக்டர், மிஸ்டர் கருப்பையா. திஸ் மார்க், லை" என்றேன்.

அவர் முகம் மாறியது. நோயாளியை நான் பொய்யர் என்று திட்டுவதாக நினைத்துவிட்டார். குறியை நோயாளிதான் போட வேண்டும், வேறு யாரும் அதில் கருத்துச் சொல்லக் கூடாது, அதுதான் ஆராய்ச்சியின் விதி என்று மெதுவாக விளக்கினார். எனக்கு அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. ஏப்ரனில் வைத்திருந்த நாப்கின் தூளை எடுத்து அவர் மேசையில் கொட்டினேன். கையை முஷ்டியாக மடக்கி, கிழிப்பதுபோல் செய்து காட்டினேன். "குட் மேன். டூ மச் பெயின். நோ டெல்." அவர் அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, "கம் வித் மீ" என்றார்.

கட்டிலருகே அவர் கேட்டதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. கருப்பையா அப்போதும், "தேவலன்னு சொல்லுப்பா" என்றார். நான் அதைச் சொல்லவில்லை. என் அண்ணன் கதையைச் சொன்னேன். நான் அவர் காதில் சொன்னதை, குறைந்துபோன ஊசியை, பெயிண்ட் உதிர்ந்த கம்பியை, அதுவரை யாரிடமும் சொல்லாத எல்லாவற்றையும். இங்கே வலிக்கிறது என்று சொன்னால் அனுப்பமாட்டார்கள், அப்படிச் சொல்பவர்களுக்காகத்தான் இந்த வீட்டையே கட்டியிருக்கிறார்கள் என்றேன். டாக்டர் ஒரு வார்த்தையும் புரியாமல் காத்துக்கொண்டு நின்றார்.

"கிறுக்குப் பய. கூடப் பொறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதா இது" என்றார் கருப்பையா. பென்சிலை வாங்கி வலது முனைக்குச் சற்று முன்னால் ஒரு குறி போட்டார். கை அழுத்தியதில் தாள் ஓட்டையாகிவிட்டது.

மார்ஃபின் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வந்தபின் கெஞ்சிக் கேட்க விடாமல், வருவதற்கு முன்பே ஒரு சின்னக் கிளாஸில் குடிக்கக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் நாப்கின் மடிப்புக் கலையாமல் தட்டிலேயே இருந்தது. "ரசம் வைக்கத் தெரியுமாடா?" என்று கேட்டார். வைத்தேன். புளி இல்லாமல் எலுமிச்சைச் சாற்றில் வைத்த ரசம். "கொட்டாம்பட்டியில இதை நாய்க்குக்கூட ஊத்தமாட்டாக" என்று சொல்லிவிட்டு முழுவதும் குடித்தார். ஆறு வாரம் கழித்து, மகள் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார்.

அதன் பிறகு மதினிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஆண்டுக்கணக்கில் எங்கள் கடிதங்கள் நலம், நலமறிய ஆவல் என்றே போய்வந்தன. அதுவும் டாக்டரிடம் சொன்ன தேவலை மாதிரிதான் என்று தோன்றியது. கடிதத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இதில் குறி போடுங்கள் மதினி, நலம் என்று எழுத வேண்டாம் என்றேன்.

பதில் வர ஒரு மாதமானது. அவர் தானே ஒரு கோடு போட்டிருந்தார். நடுவில் ஒரு குறி, அதன் கீழே, 'இது நான், முழங்கால் வலி'. வலது முனைக்கும் அப்பால், கோடே இல்லாத வெறும் தாளில் இன்னொரு குறி. 'இது உங்க அண்ணன். நீங்க சொல்லிக்குடுத்தது எனக்கு அப்பவே தெரியும். நானும் அவர் காதுல அதைத்தான் சொன்னேன் தம்பி.' அதற்கும் கீழே இன்னொரு கோடு, வெறுமையாக. 'இது உங்களுக்கு.'

அந்தக் கடிதம் என் ஏப்ரன் பையில்தான் இருக்கிறது. ஹாஸ்பிஸ் பென்சிலும் கூடவே இருக்கிறது. டிராலி தள்ளி முடித்து ஜன்னலோரம் உட்காரும்போது எடுத்து விரிப்பேன். இந்த ஜன்னலில் உட்கார்ந்தால் பென்சில் இடது பக்கமாகப் போகிறது. வில்லாபுரம் வீட்டை நினைத்தால் வலது முனைப் பக்கம் போகிறது. இரண்டு குறி போடலாமா என்று மதினியிடம் கேட்டு எழுத வேண்டும்.