பலகையை வெட்டிய படம்

கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமில் அக்காவின் வீட்டுச் சுவரில் மகன் படம் தொங்குகிறது. பொட்டில்லை, மாலையில்லை. மாலை போட்டால் அவன் செத்தவனாகிவிடுவான். இலங்கையில் கடைசிச் சண்டையின்போது, உப்புநீர்க் களப்போரம் அவனைக் கண்டதாக யாரோ சொன்னதோடு சரி.

நான் வேலை செய்யும் கம்பெனியின் கேன்டீனில்தான் அந்த அக்கா காய் நறுக்குகிறார்; அப்படித்தான் பழக்கம். போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக நான் இலங்கை போகப்போவது தெரிந்ததும், கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்த இடத்தை ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ தம்பி. என்ன இருக்குதெண்டு சொன்னாக் காணும்."

போனேன். பழவேற்காடு ஏரியைப் போலவே அங்கும் உப்புநீர், அதே சோம்பலான அலை. சாலையோரத்தில் ஒரு பெரிய பலகை. மூன்று மொழிகளில், எந்தப் படை எந்தத் திசையிலிருந்து வந்தது, எப்படி வென்றது என்று வென்றவர்கள் எழுதியிருந்தார்கள். அம்புக்குறிகள் இருந்தன. ஓடிவந்த சனம் எந்த மொழியிலும் இல்லை. பலகையைத் தாண்டி மணல், எருக்கு, வெயில். நடந்தேன், நின்றேன், செருப்பைக் கழற்றினேன். எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் சாலைக்கே திரும்பி, ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும், கேன்டீனில் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கினார். பலகையை விரலால் பெரிதாக்கி வரிவரியாகப் படித்தார்.

"எங்கட சனத்தைப் பற்றி ஒண்டும் இல்லை, என்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விரல் படத்தின் ஓரத்துக்கு நகர்ந்தது.

"இது?"

"வெறும் மண்ணு, அக்கா."

"இது போதும்."

பஜாரில் இருக்கும் ஸ்டூடியோவுக்கு இருவரும் போனோம். கடைக்காரர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், மேட்டரே போர்டுதான்! அத்த வெட்டிட்டா இன்னா மிச்சம் கீது? எருக்கஞ்செடியா?"

"பலகை வேண்டாம் தம்பி. மண்ணை மட்டும் பெரிசாக்கி ஃப்ரேம் போட்டுத் தாங்கோ."

"பெருசு பண்ணா கலங்கிப்பூடும்க்கா. அப்பால வந்து என்னத் திட்டிக்கினு நிக்காத."

"கலங்கட்டும்."

"ஃப்ரேமு எதுக்கு? ஊட்ல சும்மா மாட்டிக்கவா?"

அக்கா கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த சந்தன மாலைகளைப் பார்த்தார். "மாலை போடத்தான்."

அதற்குப் பிறகு கடைக்காரர் கேலி பேசவில்லை. மாலையைத் தானே எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தார்.

அக்கா வீட்டில், மகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கப் போனேன். அக்கா தடுத்தார்.

"அவனுக்குப் பக்கத்தில வேண்டாம். அந்த மண்ணுக்குள்ள கன பேர் கிடக்கினம் தம்பி. அவைக்கு ஆர் பூ வைக்கிறது? இது அவைக்கு. இவனுக்கில்லை."

எதிர்ச் சுவரில் அடித்தேன். மாட்டினார். கண்ணாடியின் மேல், மணல் தெரியும் இடத்தில் குங்குமம் வைத்தார். மாலையைப் போட்டார். பிறகு மகன் படத்தை முந்தானையால் துடைத்தார். நெற்றி வெறுமையாகவே இருந்தது.

திரும்பியபோதுதான் கவனித்தார். அந்தச் சின்ன அறையில் மகனுக்கு நேர் எதிரே இப்போது அந்த மண். அவன் கண் அதன் மேல்தான் இருந்தது. ஆணியைப் பிடுங்கிவிடவா என்று கேட்டேன்.

அக்கா நடுவில் போய், மகன் பார்வையை மறைத்தபடி நின்றுகொண்டார்.