பதினோராம் பக்கம், ஏழாம் வரி

1971 டிசம்பர் 2. தீவிலிருந்து சென்னை போகும் கப்பலின் தபால் பையைப் பகல் பன்னிரண்டுக்குக் கட்டிவிடுவார்கள். பத்து நிமிடம் முன்னால் ஓடிவந்து ஒரு தடித்த உறையைச் சேர்த்தார் ஷாதிபூர்வாசி பக்தவத்சலம். உள்ளே ஒன்பது வருட உழைப்பு. தருக்கவியல் பற்றிய அவருடைய முதல் கட்டுரை, சென்னைக் காலாண்டிதழ் ஒன்றுக்கு.

பக்தவத்சலம் மரக்கிடங்குக் குமாஸ்தா. ஒரு விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்ய அரை நாள் எடுத்துக்கொள்வார் என்று அலுவலகத்தில் கேலி உண்டு. "சரின்னு சொல்ல நிரூபணம் கேக்கறோம். தப்புன்னு சொல்ல மட்டும் வேண்டாமா?" என்பார்.

கட்டுரையும் அதைத்தான் சொன்னது. இரண்டு பட்டியல்கள்: நிரூபிக்கப்பட்டவை, நிராகரிக்கப்பட்டவை. எதில் சேர்த்தாலும் படிப்படியாகக் காரணம் காட்ட வேண்டும். ஒரே கூற்று இரண்டிலும் இருந்தால் எல்லாமே சரிந்துவிடும். கூற்றுகளை ஆங்கில எழுத்துகளின் கோவையாக எழுதியிருந்தார்.

பை கட்டும் அவசரத்தில் ஒன்றை மட்டும் காரணம் காட்டாமல் நிராகரித்திருந்தார். பதினோராம் பக்கம், ஏழாம் வரி: சிசிசிபிகியூபிபி. பார்த்தாலே தப்பென்று தெரிந்தது.

திங்கட்கிழமை கிடங்கில் உட்கார்ந்து சும்மா போட்டுப் பார்த்தார். எட்டே வரியில் அது நிரூபணமாகிவிட்டது; இப்போது ஒரே கூற்று இரண்டு பட்டியலிலும். கப்பல் போய் நாலு நாள். இதற்குள் போர் வேறு தொடங்கியிருந்தது.

தந்தி அலுவலகத்துக்கு நடந்தார். கவுன்டரில் ராஜமாணிக்கம், பத்து வருடப் பழக்கம். அந்த எழுத்துக் கோவையை நிராகரிப்புப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி இதழுக்கு எழுதிய படிவத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அரே பாய்சாப், இது என்ன பாஷை? சண்டை நேரத்துல சங்கேதத் தந்தி எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர்."

"சங்கேதம் இல்லய்யா. தருக்கம்."

"இல்லேன்னு நிரூபிங்க. அனுப்பறேன்."

பக்தவத்சலம் இன்னொரு படிவம் கேட்டு வாங்கினார். அந்தக் கோவையில் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் எடுத்துவிட்டால், மிச்சம் உண்மையிலேயே நிராகரிக்க வேண்டிய ஒன்று. அதற்குக் காரணமும் அவரிடம் இருந்தது. புதுப் படிவத்தில் எழுதினார்: பக்கம் பதினொன்று, வரி ஏழு, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் நீக்கவும்.

"இது அதைவிட மோசம் சார். பூட்டைக் காட்டினீங்க, இப்ப சாவியையும் குடுக்கறீங்க. என் வேலை போயிடும்."

வீட்டுக்குப் போனார். மனைவி நீலாவதி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கட்டுரையைப் போட வேண்டாம்னு தந்தி அடிச்சிடுங்க. அதுக்குக் கூடவா தடை?"

"மறுபடி எப்போ போடுவாங்களோ."

"தப்போட வரலாமா?"

வரக்கூடாது. கட்டுரை வேண்டாம், நிறுத்தவும் என்று மூன்றாவது படிவம். ராஜமாணிக்கம் அதை வாங்கிக்கொண்டார். ராணுவச் செய்திகள் முதலில், அரசுச் செய்திகள் அடுத்து, மற்றவை பிறகு என்றும் சொன்னார். அதில் அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. பக்தவத்சலம் செய்வதற்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் தினம் மாலை கவுன்டருக்குப் போய் நின்றார்.

தந்தி பதினோரு நாள் கழித்துச் சென்னை சேர்ந்தது. இதழ் அச்சாகி முடிந்திருந்தது.

முன்பு அவரோடு கிடங்கில் வேலை பார்த்த நான் பிப்ரவரியில் பார்க்கப் போனபோது அவர் பிரதியைக் காட்டினார். பெயரைச் சரியாகப் போட்டிருந்தார்கள். ஏழாம் வரியும் அப்படியே இருந்தது. பாராட்டி வந்த ஒரே கடிதத்தில் அந்த வரியைத்தான் குறிப்பாகப் புகழ்ந்திருந்தார்கள்.

திருத்தம் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த கப்பல் எப்போது என்று அறிவிப்புப் பலகையில் இன்னும் போடவில்லை.