உரிய வழியாக ஒரு வேண்டுதல்

பல்கலைக்கழக ஆபீசில் தபால் எடுத்துப் போகிற வேலை என்றால், ஊர் உலகத்துக் காகிதமெல்லாம் நம் கையில் நடமாடும். நம் குறையை எழுதிய காகிதம் மட்டும் நகரவே நகராது. தொண்ணூறுகளில் நான் பார்த்த வேலை அது. மனுப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுற்றறிக்கை

ஒரு நாள் பதிவாளர் கையெழுத்தோடு சுற்றறிக்கை வந்தது. ஊழியர் யாரும் அமைச்சர், எம்.எல்.ஏ., அரசு அதிகாரி எவரையும் அனுமதியில்லாமல் பார்க்கக் கூடாது, எழுதக் கூடாது, வேறு ஆளைவிட்டுச் சொல்லவும் கூடாது. குறை இருந்தால் பதிவாளர் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் சூப்பிரண்டு அதைப் பூசை மந்திரம் மாதிரி படித்தார்.

மரகதம் விளக்குமாற்றைச் சாத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். தினக்கூலியாகப் பெருக்க வந்து, தலை நரைக்கத் தொடங்கியவள். வேலையை நிரந்தரம் செய்யச் சொல்லி அவள் போட்ட மனுவுக்குச் சென்னையில் அரசு சம்மதம் சொல்ல வேண்டும். வருகிற ஆனி பிறந்தால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் கிடையவே கிடையாது. எல்லாம் கேட்டு முடித்து அவள் கேட்டாள்: "ஏனுங்க சார், அமைச்சர் காரு எதுக்கால வந்தா நான் எந்தப் பக்கம் திரும்பிக்கறதுங்க?"

தாய்மாமன்

கிளார்க் பழனிச்சாமி மகளுக்குக் கல்யாணம் வைத்தார். பெண்ணின் தாய்மாமன் ஒரு எம்.எல்.ஏ. தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் பக்கம் தாலி ஏறுமா? வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காவிட்டால் அவர்தான் வருவாரா? பழனிச்சாமி பயந்த மனிதர். சொந்த மைத்துனரைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பதில் வருவதற்குள் முகூர்த்தக்கால் நட்டாகிவிட்டது. சூப்பிரண்டு சொன்னார்: "மச்சானைப் பாக்கலாமுங்க, எம்.எல்.ஏ.வைத்தான் பாக்கக் கூடாது. அவுரு எதுவா வாராருன்னு வாசல்லயே கேட்டுப்போடுங்க."

மரியாதை

அந்த வாரமே பதிவாளர் அமைச்சரைப் பார்க்கச் சென்னை புறப்பட்டார். அது சிபாரிசு அல்லவாம், மரியாதை நிமித்தமான சந்திப்பாம். அவருக்குப் பதவி நீட்டிப்பு வர வேண்டிய நேரம் அது என்பது தற்செயல்தான். நான் தப்பாக நினைக்கவில்லை. பொள்ளாச்சி இளநீர் குலைகுலையாகக் காரில் ஏறியது. மரகதத்தின் மனுவையும் கையோடு கொண்டுபோகச் சொல்லலாமா என்று கேட்டேன். காரில் இடமில்லை என்றுவிட்டார்கள். ஒரு காகிதத்துக்கு! டிரைவர் காசிம் பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மரியாதை ரொம்பக் கனமுங்கக்கா. டிக்கி மூடவே மாட்டேங்குதுங்க."

சந்தேகம்

சித்திரை போய் வைகாசி வந்தது. மனு பதிவாளர் ஆபீசிலேயே இருந்தது. அதை அரசுக்கு அனுப்பினால், அனுப்புவதே சிபாரிசு ஆகிவிடுமோ என்று ஒரு சந்தேகமாம். வக்கீலிடம் கேட்டு வந்தார்கள். வக்கீல் சொன்னதிலும் சந்தேகம். சந்தேகப்படுவதில் அவ்வளவு நேர்மை.

மரகதம் சோற்றுத் தூக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். சோமனூரில் தறி ஓட்டிக் கை போன புருசன் வீட்டில். இவள் கூலிதான் அந்த வீட்டு அடுப்பு. சூப்பிரண்டு ஆறுதல் சொன்னார்: "அவசரப்படாதீங்க அம்மணி. ஆனி பொறந்துட்டா இந்தச் சந்தேகமெல்லாம் தானாத் தீந்துரும்."

சன்னதி

வெள்ளிக்கிழமையானால் நான் குடியிருக்கும் கணபதிப் பகுதியில் மாரியம்மன் கோயிலுக்குப் போவேன். அன்று பக்கத்தில் நின்றவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கல்வித் துறையில் பெரிய அதிகாரி. சென்னையிலிருந்து எங்கள் ஆபீசுக்கு வந்தபோது நான்தான் காபி கொடுத்தேன். மாமனார் வீட்டுக்கு வந்திருந்தாராம். அவரிடம் நான் பேசக் கூடாது. அம்மனிடம் பேசலாம் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு, மரகதத்தின் பெயர், மனு, ஆனி மாசம் எல்லாவற்றையும் வாய்விட்டுத் தாயிடம் ஒப்பித்தேன்.

"எந்த ஆபீஸும்மா?" என்றார் அவர். நான் திரும்பவில்லை. "தாயே, யாரோ கேக்கறாங்க. எங்க பல்கலைக்கழகந்தான்னு நீயே சொல்லிரு" என்றேன். பிறகு அவரும் கைகூப்பினார்: "தாயே, அப்படி ஒரு மனு எங்ககிட்ட வரவே இல்லைன்னு இந்த அம்மாகிட்டச் சொல்லிடு."

விளக்கம்

திங்கட்கிழமை சென்னையிலிருந்து போன் வந்தது. மத்தியானத்துக்குள் சந்தேகமெல்லாம் தெளிந்து, மனு புதிதாக வந்த ஃபேக்ஸ் மெசினில் பறந்தது. ஆனி பிறப்பதற்கு முன்பே ஆர்டரும் வந்துவிட்டது. 'நிர்வாகத்தின் இடைவிடாத முயற்சியால்' என்று நோட்டீசு போர்டில் ஒட்டினார்கள். மரகதம் அதன் கீழே நின்று, முந்தானையால் முகத்தை மூடி அழுதாள்.

எனக்கு மெமோ வந்தது. கணபதி மாரியம்மன் கோயிலில் ஒரு அம்மா சொன்னதாக அந்த அதிகாரி போனில் சொல்லிவிட்டாராம்; எங்கள் ஆபீசில் கணபதியிலிருந்து வருகிறவள் நான் ஒருத்திதான். அரசு அதிகாரியைத் தொடர்பு கொண்டது ஏன்? நான் மாரியம்மனிடம் மட்டுமே பேசினேன் என்று சாமி சத்தியமாக எழுதிக் கொடுத்தேன். சூப்பிரண்டு அதைப் படித்துத் தலையைச் சொறிந்தார்: "ஏனுங்கக்கா, அந்தக் கோயிலு அறநிலையத் துறையிலதானுங்க இருக்குது. அப்ப அம்மனும் கெவருமெண்டுதானுங்களே?"

அன்றிலிருந்து நான் மனசுக்குள்ளேயே வேண்டிக்கொள்கிறேன். பதிவாளர் வழியாகப் போகாததால் எல்லாம் உடனுக்குடன் போய்ச் சேர்ந்துவிடுகிறது.