உல்ஜான் கழுவிய குடல்

அல்மாத்தி நகரில் உள்ள எங்கள் புற்றுநோய் ஆய்வகத்தில் உல்ஜானைச் சோதனை அடிப்படையில்தான் வேலைக்கு எடுத்தார்கள். மலைப்பக்கம் கெகென் என்ற ஊரில் பால்பண்ணை மூடியதும் வந்தவள். மகள் தொல்கினுக்குக் காது கேட்காது; அவளுக்கேற்ற பள்ளி நகரத்தில்தான் இருக்கிறது. வேலை நிலைக்காவிட்டால் இருவரும் ஊர் திரும்ப வேண்டியதுதான். அவள் ஒருமுறைதான் சொன்னாள். அது என் மனதை விட்டுப் போகவே இல்லை.

எலிக் குடல் துண்டுகளின் மேல் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, அவற்றுக்கு எங்கிருந்து தீனி கிடைக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தோம். வருடக்கணக்காக அந்தப் புற்றுக்கட்டியையே முறைத்துப் பார்த்ததுதான் மிச்சம். துண்டுகளை லேசாக அலசித் தருவது உல்ஜானின் வேலை.

அவள் தந்த தட்டுகளில் கட்டி வளரவில்லை. சாகவும் இல்லை, பட்டினி கிடப்பதுபோல் சுருண்டு கிடந்தது. தலைவர் மெய்ரம் ஐயா அவளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா செஞ்சே?"

"உள்பக்கத்தைத் திருப்பி, கரண்டியால வழிச்சிட்டேன் ஐயா."

"லேசா அலசுன்னுதானே சொன்னேன்?"

"குளிர்காலக் கறிக்குக் குதிரை அறுக்கிற அன்னிக்கு மாமியார் குடலைத் தடவிப் பார்ப்பாங்க. விரல் வழுக்குச்சுன்னா ஊர் பூரா என் பேரு நாறிடும். கை தானா செஞ்சிருச்சு."

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. அப்படிக் கழுவிய குடலில் கறி அடைத்துத் தின்று வளர்ந்தவர்கள்தானே நாங்கள் எல்லோரும்.

ஐயா சிரிக்கவில்லை. "அடுத்ததுல பாதியை மட்டும் வழி. பாதியை அப்படியே விடு."

விட்ட பாதியில் கட்டி பெருத்தது. வழித்த பாதியில் இல்லை. அதன்பிறகுதான் குடலின் அந்த வழவழப்பான உள்தோலைத் துருவி ஆராய்ந்தோம். அதன் குழிகளின் அடியில் பானெத் என்னும் செல்கள் உண்டு. அக்கம்பக்கத்துச் செல்களுக்கு ஊட்டம் கொடுப்பது அவற்றின் குணம். ஆள் தெரியாமல் கட்டிக்கும் விருந்து வைத்திருக்கின்றன. வழித்த துண்டில் அவற்றை மட்டும் திரும்பச் சேர்த்தோம், கட்டி மறுபடி வளர்ந்தது. உல்ஜான் இல்லாவிட்டால் நான் இன்னும் கட்டியைத்தான் முறைத்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

"உன் வேலை நிரந்தரம் தாயே," என்றார் ஐயா. "ஆனா இனிமே உன் மாமியாரை இங்க கூட்டிட்டு வராதே."

அன்று மாலை அவளோடு, தாயும் மகளும் தங்கியிருந்த அறைக்குப் போனேன். பள்ளி விடுமுறை நேரம்; ஐயா கூப்பிட்ட அன்றே தொல்கின் மூட்டை கட்டிவிட்டாளாம், இன்னும் அவிழ்க்கவில்லை. உல்ஜான் கைச்சைகையால் செய்தியைச் சொன்னாள். பெண் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அவள் மூட்டையை அவிழ்த்தாள். முதலில் பள்ளிச் சீருடையை எடுத்து உதறி, ஆணியில் மாட்டினாள்.