முன் சீட்டு யாருக்கு?

காலை ஆறரைக்குத் தேனியிலிருந்து காரைக் கிளப்பினேன். கம்பம் நாற்பது கிலோமீட்டர். அதற்கு மேல் கம்பம்மெட்டு மலைப்பாதை. பயமெல்லாம் அதில்தான். ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டப் பழகியவள் நான். முந்தின நாள் மதுரையிலிருந்து வந்த வழியில் ஆண்டிபட்டிக் கணவாயைத் தவிர மற்றதெல்லாம் சமதளம். அந்தக் கணவாய்க்கே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

நான் ஓட்டப் பழகியதே ராஜாத்தியால்தான். ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் கம்பத்திலிருந்து மலையேறிய ஜீப் அவருடையது, ஓட்டியதும் அவர்தான். மூன்று வருடங்களுக்கு முன் பஸ்ஸைத் தவறவிட்டு அதில் தொற்றிக்கொண்டேன். புது ஆள் ஏறினால் அவர் கேட்கும் முதல் கேள்வி, யாருக்கு ரொம்பப் பயம் என்பதுதான். நான் கையைத் தூக்கினேன்.

"அப்ப முன்னால வாங்க. பின்னால உக்காந்தாத்தான் வயித்தப் பெரட்டும். முன்னால ரோடு தெரியும்ல" என்றார்.

இறங்கும்போது, அடுத்த தடவை நீங்களே ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். விளையாட்டில்லை, போனிலும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் நாளைக் கடத்தினேன். போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் ஜீப்பில் போய்வந்த பெண்கள் இன்று தோட்டத்தில் அவருக்குப் படையல் போடுகிறார்கள். பஸ்ஸில் போகக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

உத்தமபாளையம் தாண்டிச் சாலையோரத்தில் பன்னீர் திராட்சை கிலோ எண்பது ரூபாய். படையலுக்கு இரண்டு கிலோ வாங்கினேன். கம்பத்தில் செல்வி காத்திருந்தாள். வருடக்கணக்கில் அந்த ஜீப்பில் போய்வந்தவள். முன் கதவைத் திறந்துவிட்டேன், ஏறவில்லை.

"யாருக்கு ரொம்பப் பயம்க்கா?"

"எனக்குத்தான்."

"அப்பச் சரி. நீங்கதான் முன்னால இருக்கீகளே" என்று பின்னால் ஏறிக்கொண்டாள். பக்கத்து சீட்டில் திராட்சைப் பைதான் துணை.

மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் அணைந்து வண்டி நின்றுவிட்டது. ஒரு முழம் பின்னால் உருண்டது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி, இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

செல்வி பதறவில்லை. "அவுகளும் மொத நாளு இங்கனதான் நின்னுட்டாக. பெறகு எடுத்துட்டுப் போனாக" என்றாள்.

ராஜாத்தி என்னிடம் இதைச் சொன்னதேயில்லை. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் ரோடு தெரியாது. மறுபடி ஸ்டார்ட் செய்து முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி எடுத்தேன். வண்டி ஏறிவிட்டது.

தோட்டத்தில் அவருடைய ஜீப்புக்கே மாலை போட்டு, அதன் முன்னால் இலை விரித்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்து ஆசை தீர அழுதேன்.

திரும்பும்போது இரண்டு பெண்கள் கம்பம் வரை வருகிறோம் என்று பின்னால் ஏறிக்கொண்டார்கள். சாலை அதேதான், இறக்கம் இன்னும் மோசம். பயம் எங்கும் போய்விடவில்லை. மதுரையில் யாராவது காரில் ஏறினால், வயதைப் பார்த்தோ வசதியைப் பார்த்தோதான் முன் சீட்டைக் கொடுப்போம். நான் சாவியைத் திருகுமுன் பின்னால் திரும்பினேன்.

"யாருக்கு ரொம்பப் பயம்?"

தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்தவள் கையைத் தூக்கினாள். திராட்சைப் பை இருந்த இடம் காலியாக இருந்தது. முன் கதவைத் திறந்துவிட்டேன்.