கரைவலைக் கையில் கடிவாளம்

குதிரையைப் பின்பக்கமாக நடத்திக் கடலுக்குள் இறக்கியவள் நிலாவெளியில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

நான் வேலை செய்யும் ஹோட்டலில், விருந்தினரைக் குதிரையில் ஏற்றிக் கரையோரம் கூட்டிப்போக ஓர் ஆள் தேவைப்பட்டது. வரவேற்பு மேசையில் சாவி கொடுத்துச் சாவி வாங்கி எனக்கு அலுத்துப்போயிருந்த நேரம். எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். ஆங்கிலேய முறையில் குதிரையேறி ஓடப் பழகி, முகாமையாளருக்கு ஓடிக் காட்டினால் தரலாம் என்றார்கள். அந்த வேலை மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை.

பழக்க வந்தவள் நுவரெலியாக்காரி, என்னைவிட இளையவள். முதுகை நிமிர்த்துவது, குதிகாலைக் கீழே அழுத்துவது, குதிரையின் துள்ளலோடு எழும்பி எழும்பி இருப்பது எல்லாம் கெதியில் வந்துவிட்டன. நிறுத்துவதுதான் வரவில்லை. இறக்கக்கண்டியில், கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக் குடும்பத்தில் பிறந்து, கரைவலைக்காரரையே கட்டியவள் நான். கையில் கயிறு வந்தால் உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்கத்தான் தெரியும். கடிவாள வாரையும் அப்படியே இழுத்தேன். குதிரை நின்றது. நான் விடவில்லை. அது பின்னால் பின்னால் போய் முழங்கால் தண்ணீரில் நின்றது.

“இது வலை இல்ல அக்கா, குதிரையோட வாய். விரலை மட்டும் மூடுங்க. நின்ன உடனே விட்டுருங்க.”

“எனக்குத் தெரியும்,” என்று எரிந்து விழுந்தேன். தெரியாது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

வீட்டில் கணவர் கதையைக் கேட்டுவிட்டு, “குதிரைக்கும் உம்மட குணம் விளங்கிட்டுது போல,” என்றார்.

ஓடிக் காட்டும் நாளில் அவரும் ஆட்களும் அதே கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முகாமையாளர் கதிரை போட்டு இருந்தார். நல்லாத்தான் ஓடினேன். திடீரென்று அலை வலையைத் திருப்பி இழுக்க, எனக்கு முன்னால் மணலில் கிடந்த கயிறு விறைத்து மேலெழும்பியது. குதிரை மிரண்டது. என் உடம்பு பின்னால் சாயப் பார்த்தது.

அப்போதுதான் கயிற்றுக்காரரைக் கண்டேன். அலையோடு ஒருவரும் மல்லுக்கட்டவில்லை. கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அது தளர்ந்ததும் பிடித்தார்கள். சின்ன வயதில் நானும் எத்தனையோ தரம் செய்ததுதான். விரலை மூடினேன், தளர்த்தினேன், திரும்ப மூடினேன். கயிற்றுக்குக் கொஞ்சம் முன்னால் குதிரை நின்றது. உடனே விட்டேன். சந்தோசத்தில் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“நாளைக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றார் முகாமையாளர்.

கயிற்றைப் பிடித்தபடியே கணவர் குரல் கொடுத்தார். “உந்த விட்டுப் பிடிக்கிற வேலையை வீட்டிலயும் ஒருக்கா செய்து பாருமன்.”

ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வாய்வரைக்கும் பதில் வந்துவிட்டது. குதிரையின் காது என் பக்கம் திரும்பியது. மேலே இருப்பவள் சூடானால் அதற்கு உடனே தெரிந்துவிடும். ஆகவே நானும் சிரித்தேன். பதிலை வீட்டுக்குப் போய்க் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.